டிபனோடு அறையா, டிபன் இல்லாத அறையா?

வெளியூர்ப் பயணம் என்று பேச்சு எடுத்தால் நம் வீடுகளில் முதலில் வருவது ரயில் டிக்கெட். அடுத்தது தங்கும் இடம். இந்த இரண்டும் ஒருவாறு முடிந்ததும் மூன்றாவதாக ஒரு கேள்வி வந்து நிற்கும். "ரூம் மட்டும் போதுமா, காலை டிபனும் சேர்த்துப் போடட்டுமா?" என்று லாட்ஜ்காரர் கேட்பார். கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் ஐந்து பேர், மூன்று நாள் என்று பெருக்கிப் பார்த்தால் ஒரு மாதப் பால் கணக்கைத் தாண்டிவிடும். ஆகவே இதை "சரி, போடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடாது என்பது என் கட்சி.

எங்கள் வீடு திருச்சியில். நான், என்னவர், பதினொரு வயது மகள், நாலு வயது மகன், அறுபத்தெட்டு வயது அத்தை (என் மாமியார்) ஆக ஐந்து பேர். அத்தைக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. காலை டிபனுக்குக் கால் மணி முன்னால் ஒரு மாத்திரை போட வேண்டும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. டிபன் விஷயத்தில் ரூபாய்க் கணக்கு பாதிதான். மீதிப் பாதி யார் யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் லாட்ஜ்காரர்கள் பேசும் பாஷையைத் தெரிந்துகொள்வோம். "ஈ.பி." என்றால் அறை மட்டும். "சி.பி." என்றால் அறையும் காலை டிபனும். "எம்.ஏ.பி." என்றால் டிபனோடு இன்னொரு வேளைச் சாப்பாடும் சேர்த்தி. செல்போனில் அறை பார்க்கும்போதும் இந்த எழுத்துக்கள்தான் வரும். 'காலை டிபன் இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அதே அறை டிபன் இல்லாமல் என்ன விலை என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 'இலவச' டிபனின் விலை.

கொடைக்கானலில் பார்த்தது

2025 மே மாதம் கொடைக்கானல் போனோம். பட்ஜெட்டுக்குத் தகுந்த ஹோட்டல். ஆனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு கிலோ மீட்டர் தள்ளி, ஒரு சரிவின் உச்சியில் இருந்தது. பக்கத்தில் ஒரு டீக்கடை கூடக் கிடையாது. டிபன் பெரியவர்களுக்குத் தலைக்கு 200 ரூபாய், மகளுக்கு 100, சின்னவனுக்குக் கிடையாது. ஆக ஒரு நாளைக்கு 700 ரூபாய். கீழே இறங்கிப் போய்ச் சாப்பிட்டு வர டாக்ஸிக்காரர் 500 கேட்டார். அதன் மேல் டிபன் செலவு வேறு. கணக்கு உடனே தீர்ந்துவிட்டது: ஹோட்டலிலேயே சாப்பிடுவது லாபம். அந்தக் குளிரில் நாலு வயதைத் தொடாத பிள்ளையைக் காலையில் ஏழு மணிக்கு வெளியே தூக்கிப் போகும் வேலையும் மிச்சம்.

ஆனால் முதல் நாள் காலை, அந்த 'பஃபே' கூடத்தில் நான் வேறொன்றைக் கவனித்தேன்.

நீளமான மேஜை. வரிசையாக மூடி போட்ட பாத்திரங்கள். பொங்கல், பூரி, உருளைக்கிழங்கு மசாலா, இட்லி, கேசரி, ரொட்டி, ஜாம், சோளப்பொரி மாதிரி ஏதோ ஒன்று, ஆரஞ்சு ஜூஸ். தட்டை எடுத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அத்தை, "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி விட்டுப் பேரனுக்குப் பால் கொண்டுவந்தார். பேத்திக்குப் பூரி கொண்டுவந்தார். மகனுக்கு இரண்டாம் முறை பொங்கல் கொண்டுவந்தார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. எல்லோரும் முடித்து எழுந்த பிறகு, மணி பத்து அடிக்கக் கால் மணி இருக்கும்போது, தமக்கென்று ஒரு தட்டோடு போனார். இட்லிப் பாத்திரத்தில் ஆவி இல்லை. பூரி இரண்டு இருந்தது; அதைப் போட்டுக்கொண்டார். கேசரி இரண்டு தடவை.

"அத்தை, கேசரி வேண்டாமே" என்றேன்.

"காசு குடுத்தாச்சேம்மா. இருநூறு ரூபாய்க்கு ரெண்டு பூரி தின்னுட்டு எந்திரிக்க முடியுமா?" என்றார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் அவருடைய கருவியில் குத்திப் பார்த்தபோது 268 காட்டியது. வீட்டில் அந்த நேரத்துக்கு 160, 170க்கு மேல் போனதில்லை.

அந்த ஹோட்டலைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் வைத்தது எல்லாம் நல்ல பண்டம்தான். 'எடுத்துக்கொள்கிற' சாப்பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. யாருக்குப் பரிமாறியே பழக்கமோ, அவர் அங்கேயும் பரிமாறிக்கொண்டுதான் இருப்பார். வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடக்கும் கால்கள் இங்கே மேஜைக்கும் நாற்காலிக்குமாக நடக்கும். அடுப்பு மட்டும்தான் இல்லை. இன்னொன்று, கொடுத்த காசை 'வசூல்' செய்ய வேண்டும் என்ற எண்ணம். நம் வயிறு ஒன்றுதான், அதன் அளவும் ஒன்றுதான் என்பதை அந்த நேரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த வசூல் மிகவும் விலை கூடியது.

மறுநாள் ஒரு ஏற்பாடு செய்தேன். கூடம் திறக்கும் எட்டு மணிக்கே போய் நின்றோம். அத்தையை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, மகளைக் கூப்பிட்டு, "இன்னிக்கு அப்பாயிக்கு நீதான் பரிமாறணும். மூணு இட்லி, சாம்பார், வெந்த முட்டை ஒண்ணு. ஜூஸ் வேண்டாம், கேசரி வேண்டாம்" என்றேன். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விழுந்துவிடாமல் கொண்டுவந்து வைத்தாள். பையனை அவன் அப்பா பார்த்துக்கொண்டார். அத்தை சற்று நெளிந்தார், பிறகு சாப்பிட்டார். அன்று மத்தியானம் 172.

மதுரையில் போட்ட கணக்கு

2025 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் மதுரைக்குப் போவதாக ஏற்பாடு. அத்தைக்கு மார்கழியில் மீனாட்சியைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இரண்டு இரவு தங்க ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு லாட்ஜ் பார்த்தோம். அறை மட்டும் 2,400 ரூபாய். டிபனோடு 3,100 ரூபாய்.

"எழுநூறு ரூபாய்தானே? போட்டுடலாம். நீயும் ஒரு நாளாவது நிம்மதியாச் சாப்பிடு" என்றார் இவர்.

அவர் சொன்னதில் அன்பு இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போனை வாங்கி நாலு கேள்வி கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த 700 ரூபாய் இரண்டு பேருக்கு மட்டும். மூன்றாவது கட்டிலில் படுக்கும் அத்தைக்கு 350. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பாதி, அதாவது 175. சின்னவனுக்கு மட்டும் இல்லை. ஆக வரி உள்பட ஒரு நாளைக்கு 1,225 ரூபாய்.

சரி, நாங்கள் வெளியே என்ன சாப்பிடுவோம் என்று ஒரு காகிதத்தில் எழுதினேன். நடுத்தரமான டிபன் ஹோட்டலில் இவருக்குப் பொங்கல் 60, வடை 20, காபி 30, ஆக 110. எனக்கு இரண்டு இட்லி 40, வடை 20, காபி 30, ஆக 90. அத்தைக்கு இரண்டு இட்லி 40, சர்க்கரை இல்லாத காபி 30, ஆக 70. மகளுக்கு மசால் தோசை 90, பால் 25, ஆக 115. சின்னவனுக்கு ஒரு இட்லி 20, பால் 25, ஆக 45. கூட்டினால் 430. ஐந்து சதவீத வரி சேர்த்தால் 451 ரூபாய் சொச்சம்.

ஆக ஒரு நாளைக்கு 770 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இரண்டு நாளுக்கு 1,500 ரூபாயைத் தாண்டுகிறது. பஃபேயில் பத்து வகை இருக்குமே என்று கேட்கலாம். பத்து வகை இருந்தாலும் என் மகள் தோசையைத் தவிர எதையும் தொட மாட்டாள். அத்தை சாப்பிடக்கூடியது இட்லி. நமக்கு வேண்டாத ஏழு வகைக்கும் சேர்த்துத்தான் தலைக்கு 350.

பணத்தை விடுங்கள். நேரத்தைப் பாருங்கள். மார்கழியில் கோயில் நடை விடியற்காலையிலேயே திறந்துவிடும். மத்தியானம் பன்னிரண்டரை மணி வாக்கில் சாத்தி, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். கூட்டத்துக்கு முந்தி ஐந்தரைக்குப் போனால் ஏழு மணிக்கு வெளியே வரலாம். லாட்ஜில் டிபன் எட்டு மணிக்குத்தான். அத்தையின் மாத்திரையோ சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால். மாத்திரையைப் போட்டுவிட்டுக் கூடம் எப்போது திறக்கும் என்று காத்திருக்க முடியாது. அந்த வகை மாத்திரை போட்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல் எல்லாம் வரும். 70க்குக் கீழே போனால் ஆபத்து. இது தெரிந்த வீட்டில் டிபன் நேரம் என்பது வசதியைப் பற்றிய விஷயம் இல்லை.

டிபன் இல்லாத அறையையே எடுத்தோம்.

மறுநாள் தரிசனம் முடித்து மேலக் கோபுரத்துப் பக்கமாக வெளியே வந்தோம். மதுரையில் அந்த வட்டாரத்துக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததில்லை; நாலு அடி நடந்தால் ஒரு டிபன் கடை. ஏழு மணி தாண்டிக் கொஞ்சம். கூட்டம் நெருங்காத ஒரு கடையில் போய் உட்கார்ந்ததும் அத்தை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். வாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். வயதில் மூத்தவர் என்று முதல் இட்லி அத்தை இலையில்தான் விழுந்தது. தட்டிலிருந்து எடுக்கும்போதே ஆவி பறந்தது. மூன்று வகைச் சட்னி. "அம்மா, இன்னொரு இட்லி சூடா இருக்கு, வைக்கட்டுமா?" என்று பரிமாறுகிறவர் வந்து கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"நம்ம வீட்ல கடைசி ஈடுதான் எனக்குப் பழக்கம். அது ஆறித்தான் இருக்கும். எனக்கும் அதுதான் ருசின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார், இலையைப் பார்த்துக்கொண்டே. அதை ஒரு குறையாக அவர் சொல்லவில்லை. இட்லியைப் பற்றி ஒரு விவரம் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் இவர் காபித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

இரண்டு நாளும் அங்கேதான் சாப்பிட்டோம். மிஞ்சிய பணத்தில் புதுமண்டபத்துப் பக்கக் கடைகளைச் சுற்றி அத்தைக்கு ஒரு சுங்குடிச் சேலை, எனக்கு ஒன்று. இரண்டும் சேர்த்து 1,300 ரூபாய்.

கன்னியாகுமரியில் மூன்றாவது வழி

மதுரையிலிருந்து கன்னியாகுமரி போய் ஒரு இரவு தங்கினோம். டிசம்பரில் அங்கே ஐயப்ப பக்தர்கள் கூட்டம் சொல்லி முடியாது. சூரிய உதயம் ஆறரை மணி வாக்கில். அதைப் பார்த்துவிட்டு, விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு வரிசையில் நிற்க வேண்டும். வழக்கமாகக் காலை எட்டு மணிக்குப் படகு விடத் தொடங்குகிறார்கள். பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு வரிசை இன்னும் நீளம். எட்டு மணிக்கு டிபன் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பத்து மணி வெயிலில் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இங்கே ஹோட்டலில் டிபன் தலைக்கு 120 ரூபாய்தான், மலிவு. நேரம்தான் ஒத்துவரவில்லை. ஏழரைக்குத்தான் கூடம் திறக்கும் என்றார்கள். "ஏழு மணிக்குப் பார்சலாகக் கொடுக்க முடியுமா?" என்று முதல் நாள் ராத்திரியே கேட்டேன். சமையற்காரரிடம் கேட்டுவிட்டுச் சரி என்றார்கள். இட்லி, மிளகாய்ப்பொடி, வாழைப்பழம் ஆளுக்கு ஒரு பொட்டலம். சட்னி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். தேங்காய்ச் சட்னி கடற்கரை வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். உதயம் பார்த்த கையோடு கடற்கரைப் படியிலேயே சாப்பிட்டு முடித்து வரிசைக்குப் போய்விட்டோம். கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

டிபனுக்குப் பணம் கொடுப்பது எப்போது நல்லது?

நான் பஃபேக்கு விரோதி இல்லை. சில பேருக்கு, சில இடங்களில் அது கொடுத்த பணத்துக்கு மேலேயே பலன் தரும்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு முதலிடம். தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்குக் காலையில் எழுந்ததுமே பசி எடுக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் கடை தேடுவதைவிட, கணவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் அரை மணியில் சாப்பிட்டு வருவது எவ்வளவோ மேல். என் தங்கை அப்படித்தான் செய்கிறாள். அவளுக்கு நான் டிபனோடுதான் அறை எடுக்கச் சொல்கிறேன். அடுத்து, சுற்றுப்புறத்தில் கடை இல்லாத மலைவாசஸ்தலங்கள். பிறகு, மழைக்காலம். பிறகு, நமக்குப் பழக்கமில்லாத சமையல் உள்ள வெளி மாநிலங்கள். அங்கே பிள்ளைகள் சாப்பிட ரொட்டியும் பாலுமாவது நிச்சயமாகக் கிடைக்கும்.

மாறாக, கோயில் ஊர்களிலும், தெருவுக்குத் தெரு டிபன் கடை உள்ள ஊர்களிலும், விடியற்காலை கிளம்ப வேண்டிய நாட்களிலும் அறை மட்டும் போதும்.

முடிவு செய்யுமுன் போனில் இவற்றைக் கேளுங்கள்:

ஒன்று, டிபன் எத்தனை பேருக்கு? பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் இருக்கும்.

இரண்டு, பிள்ளைகளுக்கு எந்த வயது வரை இலவசம், எந்த வயது வரை பாதி?

மூன்று, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எத்தனை மணிக்கு மூடுவார்கள்?

நான்கு, சொன்ன தொகை வரியோடு சேர்த்தா? ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு முன்பு 12 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பழைய கணக்கில் கேட்டால் ரசீதைப் பாருங்கள்.

ஐந்து, வந்து இறங்கும் நாள் காலை டிபன் உண்டா? பெரும்பாலும் கிடையாது. இரவு தங்கினால் மறுநாள் காலை டிபன் என்பதுதான் வழக்கம். ராத்திரி ரயிலில் ஏறி விடியற்காலை போய் இறங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆறு, கூட்டம் குறைந்த நாட்களில் பஃபே வைப்பார்களா, அல்லது ஒரே ஒரு டிபனைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்களா? அறைகள் நிரம்பாத நாளில் பல இடங்களில் அப்படித்தான்.

ஏழு, பார்சல் தருவார்களா? ஒரு நாளுக்கு மட்டும், அல்லது ஒரு ஆளுக்கு மட்டும் டிபன் வாங்கிக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்வி முக்கியம். முன்கூட்டியே எல்லாருக்கும் எல்லா நாளுக்கும் கட்டிவிட வேண்டிய அவசியம் இல்லை. பல ஹோட்டல்களில் அன்றன்று காலையில் பணம் கொடுத்துச் சாப்பிடலாம். முதல் நாள் சாயங்காலமே கீழே இறங்கிப் போய்க் கூடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். மேஜை விரிப்பும் தண்ணீர் வைக்கும் இடமும் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

கூடத்துக்குள் போன பிறகு

பணம் கொடுத்துச் சாப்பிடுவதாக முடிவு செய்துவிட்டால், உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்படி சாப்பிட வேண்டும்.

பஃபேயில் திறந்த அரை மணிக்குள் போவது நல்லது. சமைத்த பண்டம் வெதுவெதுப்பாகவே வெகுநேரம் இருப்பதுதான் கெடுதல். சூடாக வைக்க வேண்டியது 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ச்சியாக வைக்க வேண்டியது 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும், இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சமைத்ததைச் சாதாரணமாக வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும் அவர்கள் சொல்லும் விதி. நாம் அங்கே தெர்மாமீட்டர் கொண்டு போக முடியாது. ஆனால் மூடியைத் திறந்ததும் ஆவி வருகிறதா, பாத்திரத்தின் அடியில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாமே. விளக்கு அணைந்து கிடந்தால் அந்தப் பாத்திரத்தை விட்டுவிட்டு, தோசையோ ஆம்லெட்டோ கண் முன்னால் போட்டுக் கொடுக்கிற இடத்துக்குப் போங்கள். வெட்டி வைத்த பழத்தைவிட உரிக்காத வாழைப்பழம் பிள்ளைகளுக்கு மேல்.

ரொட்டிக்குப் பக்கத்தில் தேன் வைத்திருப்பார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூட அதை எடுக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் அது நஞ்சாகும்.

சர்க்கரை உள்ளவர்கள் ஜூஸ், ஜாம், கேசரி வரிசையைத் தாண்டி முதலில் முட்டை, சுண்டல், சாம்பார் இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறவர்கள், சாப்பாடு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று நிச்சயமான பிறகே போடுங்கள். எப்போது போடுவது என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். என் கைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் சர்க்கரை இருக்கும். நடுக்கம், வியர்வை கண்டால் மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு இன்னொரு கணக்கு இருக்கிறது. அதை லாட்ஜ்காரரிடம் கேட்க முடியாது. நம் வீட்டுக்குள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காலை வேளையில் யார் உட்காரப் போகிறார்கள், யார் நிற்கப் போகிறார்கள்? தட்டை ஏந்திக்கொண்டு அம்மாவும் பாட்டியும் நடந்துகொண்டே இருக்க வேண்டுமென்றால் 350 ரூபாய் பஃபேயும் நமக்கு நஷ்டம்தான். அவர்கள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட முடிந்தால் 40 ரூபாய் இட்லியும் விருந்துதான். இப்போதெல்லாம் நாங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முதல் ஈடு இட்லி அத்தைக்கு. இரண்டாவது எனக்கு. மற்றவர்கள் அதன் பிறகு. இவர் மூன்றாவது ஈட்டுக்குக் காத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார், ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. இதற்கு வரியும் கிடையாது.